மலைப் பள்ளிக்கு வந்த துன்புறுத்தல் தடுப்புப் பயிற்சி: ஒரு பெற்றோரின் மதிப்புரை

கோயம்புத்தூரிலிருந்து இயங்கும் ஒரு சிறு குழு, மாணவர்கள் ஒருவரையொருவர் துன்புறுத்துவதைத் தடுப்பதற்கென்று பள்ளிகளுக்கு ஒரு பயிற்சித் தொகுப்பை வழங்கிவருகிறது. ஆசிரியர்களுக்கு ஒரு நாள், ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளுக்கு ஒரு நாள், பெற்றோருக்கு இரண்டு மணி நேரம், ஒரு மாதம் கழித்து ஒரு தொடர் அமர்வு என்பது அதன் அமைப்பு. கட்டணம் 18,000 ரூபாய். பயிற்றுநர்கள் இருவரும் தங்கும் செலவும் கையேட்டின் விலையும் தனி. கோத்தகிரிக்கு அருகில் எங்கள் பிள்ளைகள் படிக்கும் அரசு உதவி பெறும் பள்ளியில், பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பணத்தில் சென்ற கல்வியாண்டில் இந்தப் பயிற்சியை நடத்தினோம். பணத்துக்குக் கணக்கு சொல்ல வேண்டிய பொறுப்பு எனக்கு இருந்ததால் எல்லா அமர்வுகளையும் கவனமாகப் பார்த்தேன். பாராட்டோடு குறைகளும் சொல்லப்போவதால் குழுவின் பெயரையும் பள்ளியின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. நீலகிரியில் இதற்காகப் பணம் ஒதுக்க நினைக்கும் வேறு பள்ளிகள் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதைச் சொல்வதே என் நோக்கம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக் கட்டடத்துக்குள் நடப்பதைப் பொறுத்தவரை இது தரமான பயிற்சி. ஆனால் வாசற்கதவுக்கு வெளியே, பேருந்திலும் எஸ்டேட் பாதையிலும் நடப்பதற்கும், யார் யாரைச் சீண்டத் துணிகிறார்கள் என்பதைத் தீர்மானிக்கும் சாதி, மொழி, குடியிருப்பு ஆகிய ஏற்றத்தாழ்வுகளுக்கும் இந்தக் குழுவிடம் தயாரான பதில் இல்லை.

ஆசிரியர்களுக்கான நாள்தான் தொகுப்பிலேயே சிறந்த பகுதி. வந்தவர்களில் ஒருவர் உளவியல் படித்தவர். மற்றவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. இரண்டாமவர் இருந்ததால்தான் எங்கள் ஆசிரியர்கள் கைகளைக் கட்டிக்கொண்டு உட்காராமல் வாய் திறந்து பேசினார்கள் என்று நினைக்கிறேன். நார்வேயில் 1982ஆம் ஆண்டின் இறுதியில் பள்ளிச் சிறுவர்கள் மூவர் தற்கொலை செய்துகொண்டதும், அதைத் தொடர்ந்து அந்நாட்டு அரசு விழித்துக்கொண்டதும், டான் ஓல்வியஸ் என்ற உளவியலாளர் 1983இல் முறையான தடுப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியதும் சுருக்கமாகச் சொல்லப்பட்டன. அவர் வகுத்த மூன்று அடையாளங்களை வைத்தே அன்றைய பேச்சு முழுவதும் நகர்ந்தது: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவரிடம் செய்வது. பந்துக்காக இரண்டு பையன்கள் கட்டிப் புரண்டால் அது சண்டை. மதிய உணவின்போது ஒரு பெண் பிள்ளையின் அருகில் யாரும் உட்காரக் கூடாது என்று வகுப்பே ஒரு வாரம் சொல்லிவைத்து நடந்துகொண்டால், யாரும் அவளைத் தொடவில்லை என்றாலும் அது துன்புறுத்தல்தான். இந்த வேறுபாட்டை இருபதுக்கும் மேற்பட்ட சிறு நிகழ்ச்சிகளைக் கொடுத்து ஆசிரியர்களையே பிரிக்கச் சொன்னார்கள். அடிதடி கண்ணில் படுகிறது, ஒதுக்கிவைப்பது படுவதில்லை என்பது அந்த ஒரு மணி நேரத்தில் எல்லோருக்கும் புரிந்தது.

அடுத்து அவர்கள் கைவைத்தது, நம் பள்ளிகளில் காலங்காலமாக இருந்துவரும் இரண்டு தீர்வுகளின் மீது. இருவரையும் ஆசிரியர் அறைக்கு அழைத்து, கை கொடுக்கச் சொல்லி, இனிமேல் நண்பர்களாக இருங்கள் என்று அனுப்பிவைப்பது முதலாவது. சண்டைக்கு இது பொருந்தும். ஒருவன் பலமாதங்களாக இன்னொருவனைக் குறிவைத்துத் தாக்கிக்கொண்டிருக்கும்போது பொருந்தாது. அடிபட்டவன் அடித்தவன் முன்னிலையில் உண்மையைச் சொல்ல மாட்டான். சொன்னால் வெளியே போனதும் அதற்கும் சேர்த்து வாங்குவான். ஆகவே இருவரையும் தனித்தனியாகத்தான் விசாரிக்க வேண்டும், அதுவும் மற்ற பிள்ளைகளின் கண்ணில் படாத நேரத்தில் என்று அவர்கள் வலியுறுத்தினார்கள். இரண்டாவது தீர்வு, டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவது. கடுமையான நடவடிக்கை என்று பார்வைக்குத் தோன்றினாலும், அந்த மிரட்டல் இருக்கும்வரை உடன்படிக்கும் பிள்ளைகள் எதையும் சொல்ல முன்வர மாட்டார்கள், ஒருவனின் படிப்பைக் கெடுத்த பழி தங்கள் மேல் விழும் என்று பயப்படுவார்கள் என்பது பயிற்றுநரின் வாதம். இதோடு எங்கள் ஊர்க் காரணம் ஒன்றையும் சேர்க்கலாம்: இந்த மலையில் ஒரு பள்ளியிலிருந்து அனுப்பப்படும் பிள்ளைக்கு நடந்து போகும் தூரத்தில் இன்னொரு பள்ளி பெரும்பாலும் இருப்பதில்லை.

ஆசிரியர்களே வைக்கும் பட்டப்பெயர்களைப் பற்றி அந்த முன்னாள் தலைமையாசிரியை பேசியதுதான் அன்றைய நாளின் துணிச்சலான பகுதி. வகுப்பில் ஒரு பிள்ளையின் நிறத்தையோ உடம்பையோ திக்குவாயையோ வைத்து ஆசிரியர் ஒருமுறை நகைச்சுவையாகக் கூப்பிட்டால், மற்ற நாற்பது பேருக்கும் அதற்கு அனுமதி கிடைத்துவிடுகிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது என்பதை அவர் பலகையில் எழுதிக் காட்டினார். அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வெளியிலிருந்து ஒருவர் வந்து பணம் வாங்கிக்கொண்டு சொன்னதால் மட்டுமே சொல்ல முடிந்த பேச்சு இது. கழகக் கூட்டத்தில் நாங்கள் சொல்லியிருந்தால் அன்றோடு கழகமே கலைந்திருக்கும்.

மாணவர்களுக்கான நாளில் செய்த வரைபடப் பயிற்சிக்காக மட்டுமே முழுக் கட்டணத்தையும் கொடுக்கலாம். பள்ளி வளாகத்தின் எளிய வரைபடத்தை நகலெடுத்து ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். பெயர் எழுதக் கூடாது. பயமாக இருக்கும் இடத்தில் சிவப்புப் புள்ளி, நிம்மதியாக இருக்கும் இடத்தில் பச்சைப் புள்ளி. ஆசிரியர்கள் யாரும் அறையில் இல்லை. எல்லாத் தாள்களையும் ஒட்டிப் பார்த்தபோது, ஆசிரியர்கள் எதிர்பார்த்திருந்த விளையாட்டு மைதானத்தில் சிவப்பு அதிகம் இல்லை. கழிப்பறையின் பின்பக்கமும், இடைவேளையில் மாடிப்படியின் திருப்பமும், குடிநீர்க் குழாயின் அருகிலும்தான் புள்ளிகள் நெருக்கமாக விழுந்திருந்தன. தலைமையாசிரியரின் அறைவாசலில் பச்சை ஒன்றுகூட இல்லை என்பதையும் பயிற்றுநர் தயங்காமல் எடுத்துச் சொன்னார்.

ஆனால் இதே பயிற்சியில்தான் குழுவின் பெரிய குறையும் வெளிப்பட்டது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், கொடுத்த தாளின் அடியில் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த இன்னொரு தாளைச் செல்லோடேப்பால் ஒட்டியிருந்தான். அதில் பேருந்து நிறுத்தம், அங்கிருந்து தேயிலைக்குள் இறங்கும் கல்படிகள், இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரங்கள், கீழே தோட்டத் தொழிலாளர்கள் வசிக்கும் லைன் வீடுகளின் நீளமான கூரை எல்லாம் இருந்தன. படிகள் நெடுகிலும் சிவப்புப் புள்ளிகள்; கூரையின் மேல் மட்டும் ஒரே ஒரு பச்சை. பயிற்றுநர் அந்தத் தாளைப் பார்த்து, நல்ல முயற்சி என்று பாராட்டிவிட்டு, நாம் இப்போதைக்குப் பள்ளி எல்லைக்குள் மட்டும் பார்ப்போம் என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

நகரப் பள்ளிக்கு அந்தப் பதில் போதுமானதாக இருக்கலாம். இங்கே பிள்ளைகள் காலையும் மாலையும் இலவசப் பயண அட்டையுடன் அரசுப் பேருந்தில் வந்து, இறங்கி, மீண்டும் வெகுதூரம் நடக்கிறார்கள். பேருந்தின் கடைசி இருக்கை யாருடையது, நின்றுகொண்டே வர வேண்டியவர் யார், யாருடைய பை யார் மடியில் போகும் என்பதெல்லாம் எந்த ஆசிரியரும் காணாத ஒரு தனி ஆட்சி. இறங்கிய பிறகு நிலைமை இன்னும் மோசம். காட்டெருமையும் கரடியும் நடமாடும் பாதை என்பதால் எந்தப் பிள்ளையும் தனியாக வரக் கூடாது, கூட்டமாகத்தான் வர வேண்டும் என்று பெற்றோர்களே கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம். அதாவது, தன்னை அடிப்பவனோடு சேர்ந்துதான் அவன் வீடு வந்து சேர வேண்டும். நவம்பர், டிசம்பரில் நாலரை மணிக்கே மூடுபனி இறங்கிவிடும்போது, பத்தடி முன்னால் நடப்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது. துன்புறுத்துபவரிடமிருந்து விலகி நட, வேறு வழியில் போ என்று கையேடு சொல்லும் அறிவுரையை இங்கே எந்தப் பிள்ளையாலும் கடைப்பிடிக்க முடியாது.

மாணவர்களுக்கான நாளின் பிற்பகுதி, வேடிக்கை பார்ப்பவர்களைப் பற்றியது. பின்லாந்தின் துர்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சால்மிவல்லி செய்த ஆய்வுகளின் வழியாக உருவாகி, அந்நாட்டுப் பள்ளிகளில் 2009 முதல் நாடு முழுவதும் பரவிய கிவா என்ற திட்டத்தின் அடிப்படையும் இதுதான்: அடிப்பவன், அடிபடுபவன் என்று இருவர் மட்டும் இல்லை; உடன் சேர்ந்து கை ஓங்குபவன், சிரித்து உற்சாகப்படுத்துபவன், எதுவும் நடக்காததுபோல் விலகி நிற்பவன், தடுக்க வருபவன் எல்லோரும் அந்தக் காட்சியில் இருக்கிறார்கள். கனடாவில் பள்ளி மைதானங்களைப் படமெடுத்து ஆராய்ந்து 2001இல் வெளியான ஓர் ஆய்வை பயிற்றுநர் மேற்கோள் காட்டினார். துன்புறுத்தல் நடந்த தருணங்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பதில் வேறு பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். அவர்கள் குறுக்கிட்டது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தருணங்களில்தான். ஆனால் அப்படிக் குறுக்கிட்டதில் பாதிக்கு மேல் பத்து நொடிக்குள் பலித்தது. இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டு, நான்கு நான்கு பேராகப் பிரித்து நடித்துக் காட்டச் சொன்னார்கள். குறுக்கிடுவது என்றால் எதிர்த்து அடிப்பது அல்ல, "டேய், வாடா, சார் கூப்பிடுறாரு" என்று அடிபடுபவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுவதும் குறுக்கீடுதான் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். எட்டாம் வகுப்புப் பெண்கள் இதற்கு ஏழெட்டு சாக்குகளை வரிசையாக யோசித்து வைத்தார்கள்; அவற்றில் சில பெரியவர்களுக்கும் உதவும்.

இப்போது, பேசப்படாத விஷயத்துக்கு வருகிறேன். மாணவர் அமர்விலும் ஆசிரியர் அமர்விலும் சாதி என்ற பேச்சே எழவில்லை. தேநீர் இடைவேளையில் நான் கேட்டபோது, அதைத் தொட்டால் பள்ளிகள் எங்களைக் கூப்பிடுவதில்லை என்று உளவியலாளர் வெளிப்படையாகவே பதில் சொன்னார். அவருடைய நேர்மையை மதிக்கிறேன். ஆனால் பதிலை ஏற்க முடியவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவருடைய தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்டதற்கு முன்னால் நடந்ததும் பள்ளிக்குள் தொடங்கிய துன்புறுத்தல்தான். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, சாதியைக் காட்டும் கைக்கயிறுகளுக்குத் தடை விதிப்பதிலிருந்து, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, வகுப்பில் அகர வரிசையில் அமர வைக்க வேண்டும் என்பதுவரை பள்ளிகள் செய்யக்கூடிய பலவற்றைச் சொல்கிறது. தமிழ்நாட்டில் பள்ளித் துன்புறுத்தல் பற்றிப் பயிற்சி தருபவர்கள் அந்த அறிக்கையின் ஒரு பக்கத்தையாவது காட்டியிருக்க வேண்டும்.

நீலகிரியில் இந்த ஏற்றத்தாழ்வுக்கு வேறு முகங்களும் உண்டு. இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து, 1968இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும் பிற இடங்களிலும் குடியேற்றப்பட்ட குடும்பங்களின் நான்காம் தலைமுறைப் பிள்ளைகளை இன்றும் "சிலோன்காரன்" என்று கூப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். இருளர், குறும்பர் பிள்ளைகள் விடுதியிலிருந்து மேல்நிலைப் பள்ளிக்கு வரும்போது அவர்களுடைய பேச்சைப் போலச்செய்து சிரிப்பது நடக்கிறது. தோட்ட வேலைக்காக ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள் தமிழில் தடுமாறும்போது வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கிறது. அந்தப் பிள்ளைக்கு நடந்ததை ஆசிரியரிடம் சொல்லவும் மொழி போதாது. எதிர்த்து நிற்க முடியாதவர் யார் என்று முதல் நாள் அவ்வளவு அழகாக விளக்கியவர்கள், இந்த மலையில் அவர் யார் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

பெற்றோர் அமர்வை முதலில் புதன்கிழமை மூன்று மணிக்கு வைத்தார்கள். அந்த நேரத்தில் கொழுந்து பறிப்பவர்கள் எடை போடவே போயிருக்க மாட்டார்கள். அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்த சிலரைத் தவிர, நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. நாங்கள் பிடிவாதமாகக் கேட்ட பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி நடத்தினார்கள். கூடுதல் கட்டணம் கேட்கவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். அந்தக் கூட்டம் நிறைந்திருந்தது. திங்கட்கிழமை காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி, அடிக்கடி தொலையும் பேனா, தொடப்படாமல் திரும்பிவரும் சோற்றுப் பாத்திரம், கழிப்பறைக்குப் போகப் பயந்து நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பது ஆகிய அறிகுறிகளைச் சொன்னபோது பல அம்மாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு தாய் எழுந்து, "அடிச்சா நீயும் திருப்பி அடின்னு நான்தானுங்க எம் பையனுக்குச் சொல்லிக் குடுத்தேன், அது தப்புங்களா?" என்று கேட்டார். "தப்புன்னு சொல்ல மாட்டேன் அக்கா. ஆனா அவனால அடிக்க முடிஞ்சிருந்தா உங்ககிட்ட வந்து சொல்லியே இருக்க மாட்டான்" என்றார் அந்த முன்னாள் தலைமையாசிரியை. அன்று சொல்லப்பட்டவற்றில் என் மனைவி வீட்டுக்கு வந்தும் திரும்பச் சொன்னது இதைத்தான்.

கையேடு ஏமாற்றம். 60 ரூபாய் விலைக்கு வழவழப்பான தாளில் வண்ணப் படங்கள் போட்டிருக்கிறார்கள். படத்தில் இருப்பவை பூட்டு போட்ட இரும்புப் பெட்டிகள் வரிசையாக நிற்கும் வெளிநாட்டுப் பள்ளித் தாழ்வாரங்கள். 24 மணி நேரமும் இயங்கும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் கடைசி அட்டையின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கிறது; பள்ளிக் கல்வித் துறையின் 14417 இல்லவே இல்லை. கைப்பேசி வழியாக நடப்பவற்றுக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கி, கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற அளவில் முடித்துவிட்டார்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவனை மட்டும் விட்டுவிடுவது, தூங்கும்போது எடுத்த படத்தை ஸ்டிக்கராக்கிச் சுற்றுக்கு விடுவது போன்றவை இருக்கும் ஒரு காலத்தில் அந்த ஒன்றரைப் பக்கம் போதாது. வாங்காமல் விடலாம், கட்டாயம் இல்லை.

தொடர் அமர்வு நவம்பரில் நடக்க வேண்டியது. மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்ததால் தள்ளிப்போய், ஜனவரியில்தான் வந்தார்கள். தாமதத்தை அவர்கள் மேல் சுமத்த முடியாது; ஆனால் இடைப்பட்ட காலத்தில் ஒரு தொலைபேசி அழைப்பாவது வந்திருக்கலாம். வந்தபோது கேட்ட முதல் கேள்வி சரியானதாக இருந்தது: பயிற்சிக்குப் பிறகு வந்த முதல் புகாரை யார் வாங்கினார்கள், அதே வாரத்துக்குள் என்ன செய்தார்கள்? பதில் சொல்லப் பள்ளி தடுமாறியது. புகார்ப் பெட்டி ஒன்றைத் தலைமையாசிரியரின் அறைவாசலில் மாட்டியிருந்தார்கள். அரசுப் பள்ளிகளின் 'மாணவர் மனசு' பெட்டியைப் பார்த்துச் செய்த நல்ல எண்ணம்தான். ஆனால் முந்தைய வரைபடத்தில் பச்சையே இல்லாத அதே இடத்தில், யார் போடுகிறார்கள் என்று எல்லோரும் பார்க்கும் உயரத்தில் அது தொங்கியது. பயிற்றுநர்கள் அங்கேயே அதைக் கழற்றி நூலக மூலைக்கு மாற்றச் செய்தார்கள். புகாரை வாங்குவதற்கென்று இரண்டு ஆசிரியர்களின் பெயரும், என்றைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்ற விதியும் அன்றுதான் எழுத்தில் வந்தன. இடைவேளையில் கழிப்பறைப் பக்கம் ஓர் ஆசிரியர் நிற்பது அதற்கு முன்பே தொடங்கியிருந்தது, அது தொடர்கிறது.

கல்படிகளுக்குத் தீர்வு பயிற்சியிலிருந்து வரவில்லை. லைன் வீட்டுப் பெற்றோர்கள் தங்களுக்குள் பேசி, ஒரே கூட்டமாக வந்த பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, மாலையில் ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்து யாராவது ஒருவர் நிறுத்தத்துக்கு ஏறி வருகிறார்கள். பேருந்து நடத்துநர்களிடம் தலைமையாசிரியர் நேரில் போய்ப் பேசினார்; ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முன்பக்கம் ஏற வேண்டும் என்பது இப்போது பழக்கமாகிவிட்டது.

பரிந்துரைப்பீர்களா என்று கேட்டால், நிபந்தனைகளோடு ஆம். 18,000 ரூபாய் ஒரு சிறிய பள்ளிக்கு அதிகம். அருகருகே உள்ள இரண்டு பள்ளிகள் சேர்ந்து ஆசிரியர் நாளைப் பொதுவாக நடத்தினால் கட்டணத்தைக் குறைக்க அவர்கள் தயாராக இருக்கிறார்கள், நாங்கள் கேட்டுப் பார்த்தோம். பேச்சு முடிவதற்கு முன்பே, வரைபடத் தாளில் பேருந்து நிறுத்தமும் நடைபாதையும் சேர வேண்டும், சாதியும் மொழியும் பேசப்பட வேண்டும், பெற்றோர் அமர்வு ஞாயிற்றுக்கிழமைதான் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உளவியலாளர் மட்டும் வருவதாகச் சொன்னால் தேதியைத் தள்ளிவைத்து, ஓய்வு பெற்ற அந்தத் தலைமையாசிரியையும் வரும் நாளாகப் பார்த்து முடிவு செய்யுங்கள். தொடர் அமர்வை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வைக்க வேண்டாம்; ஜூலையில் பயிற்சி, ஆகஸ்டில் தொடர் அமர்வு என்றால் சாலையும் பெரும்பாலும் திறந்திருக்கும், கல்வியாண்டில் பாதிக்கு மேல் மீதம் இருக்கும்.